எல்லாம் கிடைத்த பிறகும் நிறைவு ஏன் தங்குவதில்லை?

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படிப்பதோடு நின்றுவிடுவேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு வயது 46. ஒன்பது வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, மூன்று மாதத்துக்கு முன் சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம். சாவி கைக்கு வந்த அன்று சாமான் எதுவும் வந்து சேரவில்லை. நானும் மனைவியும் வெறும் தரையில் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். முதுகு வலித்தது. அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

முதல் வாரம், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சாவியை ஒரு கணம் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். மூன்றாவது வாரத்துக்குள் அந்தப் பழக்கம் எனக்கே தெரியாமல் நின்றுபோயிருந்தது. ஐந்தாவது வாரம் எதிர்வீட்டு மாடியைப் பார்த்து, "அவங்க பால்கனி நம்மளதைவிட அகலம்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. "இதுக்கா ஒன்பது வருஷம்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. என்னிடம்தான் ஏதாவது கோளாறா? நிறைவு என்பது யாரிடமாவது தங்குகிறதா? தங்குகிறது என்றால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? "இருப்பதை வைத்துத் திருப்திப்படு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை எனக்கு நானே நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லச் சொல்ல வெறும் சொல்லாகத்தான் தேய்கிறது.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

மாடிப்படி, முதலில் ஒன்று. உங்களிடம் கோளாறு இல்லை. மனித மனம் இயங்கும் விதமே இப்படித்தான். நல்லதோ கெட்டதோ, எது நடந்தாலும் மனம் கொஞ்ச நாளில் அதைப் பழக்கமாக்கிக்கொள்கிறது. பிரிக்மன், கேம்ப்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1971-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். ஓடு பொறியில் (டிரெட்மில்) ஓடுபவர் எவ்வளவு ஓடினாலும் அதே இடத்தில் இருப்பதைப்போல என்று இதை விளக்குவார்கள்.

அதே பிரிக்மன் 1978-ல் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று எல்லோர் வாயிலும் அடிபடுவது. லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், இரண்டும் நேராத 22 பேர். "பரிசு விழுந்தவரும் கால் போனவரும் ஒரே அளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள்" என்று இதைப் பரப்பிவிட்டார்கள். அது தவறு. 5-க்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று கேட்டதில் பரிசு விழுந்தவர்கள் 4.00, சாதாரண ஆட்கள் 3.82, விபத்துக்கு உள்ளானவர்கள் 2.96. விபத்துக்கு உள்ளானவர்கள் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தார்கள். நாம் நினைக்கிற அளவுக்குப் பாதாளத்தில் இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு ஓர் எண். நண்பரோடு பேசுவது, பத்திரிகை படிப்பது, ஒரு நகைச்சுவையைக் கேட்டுச் சிரிப்பது, யாராவது பாராட்டுவது, இந்த மாதிரி அன்றாட விஷயங்கள் எவ்வளவு இன்பம் தருகின்றன என்றும் கேட்டார்கள். பரிசு விழுந்தவர்கள் சொன்னது 3.33. சாதாரண ஆட்கள் 3.82. பெரிய விஷயம் ஒன்று வந்து உட்கார்ந்ததும் சின்ன விஷயங்களின் நிறம் மங்கிவிட்டது. உங்கள் வீட்டில் ஐந்தாவது வாரம் நடந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாவி பழகிவிட்டது. கூடவே, வீடு வருவதற்கு முன் உங்களுக்கு இன்பம் தந்துகொண்டிருந்த சின்னச் சின்ன விஷயங்களும் அந்த வெளிச்சத்தில் காணாமல் போயிருக்கலாம். அவை எவை என்று யோசித்துப் பாருங்கள்.

(ஆய்வு சின்னது, ஆட்கள் குறைவு. இதை மட்டும் வைத்துக்கொண்டு கோட்டை கட்ட முடியாது.)

---

இரவுப்பணி எழுதியது:

அண்ணா, நான் செவிலியர். பதினாறு வருடமாகப் பெரும்பாலும் இரவுப்பணிதான். ஆய்வு எதுவும் எனக்குத் தெரியாது. பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர். நாலு நாளாகத் தண்ணீர்கூட வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துவிடுவேன், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் இரவு மருத்துவர் அனுமதித்தார். ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தேன். அவர் உடனே விழுங்கவில்லை. கண்ணை மூடி வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தொண்டை அசைந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இன்னொரு கரண்டி?" என்று கேட்டேன். கையைக் காட்டி, கொஞ்சம் பொறு என்றார். அந்த ஒரு கரண்டியை அவர் இன்னும் முடிக்கவில்லை!

என் மேஜையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. அன்று அதைக் குடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

ஆனால் அண்ணா, எனக்கும் அது மூன்று நாள்தான் நின்றது. நாலாம் நாள் நடந்துகொண்டே மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போனேன். அதனால் ஒன்று மட்டும் புரிந்தது. பெரிய உணர்வு வந்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது. திரும்ப வர ஒரு வாசல் வேண்டுமானால் வைக்கலாம். எங்களுக்குக் கை கழுவுவது வேலையின் ஒரு பகுதி. சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 நொடி ஆக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. பணி முடிந்து கடைசியாகக் கழுவும் அந்த ஒரு நிமிடத்தை அதற்கென்றே வைத்துக்கொண்டேன். இந்த இரவில் நல்லபடியாக நடந்தது என்ன? அவ்வளவுதான் கேள்வி. சில இரவுகளில் பதில் வராது. வராவிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். தேடிப் பிடித்துப் பொய்யாக ஒன்றைச் சொல்லிக்கொள்வதில்லை.

---

நேர்க்கோடு எழுதியது:

நான் சொல்வது கொஞ்சம் கசக்கும். மன்னிக்கவும்.

நிறைவு, திருப்தி, போதும் என்ற மனம், இந்த வார்த்தைகளைக் கேட்டாலே எனக்கு உடம்பு இறுகும். காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஏழு மாதம் சம்பளம் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் முதலாளி எங்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். பணம் வரும் போகும், மனநிறைவுதான் நிரந்தரம் என்பார். பேச்சு நன்றாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு வெளியே வந்தால் வீட்டு வாடகைக்கு யாரிடம் கை நீட்டுவது என்று தெரியாது. என் மகளுக்கு அப்போது நாலு வயது. செருப்பு சின்னதாகிவிட்டது என்று சொன்னவள், நான் பதில் சொல்லத் திணறியதைப் பார்த்துவிட்டு, மறுநாள் குதிகாலை வெளியே விட்டு நடந்து காட்டி, "இப்படிப் போட்டா சரியா இருக்குப்பா" என்றாள்.

அந்தக் குழந்தையின் "சரியா இருக்கு" என்பதை யாராவது நிறைவு என்று பாராட்டினால் எனக்குத் தாங்காது. அது ஒரு குழந்தை அப்பாவுக்காகத் தன் தேவையை மடக்கிக்கொண்டது. இல்லாதவனிடம் போய் "போதும் என்று நினை" என்று சொல்வது அறிவுரையே கிடையாது. வாயை அடைக்கிற வேலை.

மாடிப்படி, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்கள் கேள்வி நேர்மையானது. ஆனால் இந்த இழையில் யாரோ ஒருவர் சீக்கிரம் வந்து "ஏழைகள்தான் உண்மையில் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்" என்று எழுதுவார். அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. நான் இருந்து பார்த்திருக்கிறேன்.

---

பழம்பேனா எழுதியது:

நேர்க்கோடு தம்பி, செருப்பைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

நான் முப்பத்தொரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். எனக்குச் சொற்களைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உண்டு. "போதும்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல வேண்டியவர் பெற்றுக்கொள்கிறவர். கொடுக்கிறவர் "உனக்குப் போதும்" என்றால் அதே சொல் அடியாக விழுகிறது. உங்கள் முதலாளி செய்தது அதைத்தான். உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய சொல்லை அவர் பிடுங்கிக்கொண்டு பேசினார். எனவே எனக்குத் தெரிந்து முதல் விதி, அடுத்தவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது.

"அவா அறுத்தல்" என்று ஓர் அதிகாரம் குறளில் இருப்பதை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அது 37-ஆவது அதிகாரம். அதே நூலில் 60-ஆவது அதிகாரம் ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை. மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன, மூன்றும் முயற்சியைப் பற்றியவை. 105-ஆவது அதிகாரம் நல்குரவு. வறுமையைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பத்துக் குறள் எழுதியவர், வறுமையில் சுகம் இருக்கிறது என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆசையைக் குறை என்றவரே இல்லாமையைப் போலக் கொடியது வேறில்லை என்கிறார். இரண்டையும் ஒரே மனிதர் சொல்ல முடிந்திருக்கிறது என்பதைத்தான் வகுப்பில் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள்தான் அதிகம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ரோமில் எபிக்டீட்டஸ் என்று ஒருவர். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். எது உன் கையில், எது உன் கையில் இல்லை என்று பிரித்துப் பார் என்பதுதான் அவர் போதனையின் அடிவேர். ஒரு தலைமுறை கழித்து அதே போதனையைக் கையில் எடுத்தவர் மார்க்கஸ் அரேலியஸ், பேரரசர். அடிமையாக இருந்தவரிடமிருந்து அரசர் கற்றுக்கொண்டார். இதில் நான் கவனிப்பது திசையை. எல்லாம் இருந்தவர் எதுவும் இல்லாதவரிடம் பாடம் கேட்டார். உங்கள் அலுவலகத்தில் அது தலைகீழாக நடந்தது.

---

புதுவரவு எழுதியது:

நான் 23. பெரியவர்கள் பேசும் இடத்தில் கேட்கலாமா தெரியவில்லை.

எனக்குப் பயமே வேறு. இப்போதே "இது போதும்" என்று நினைக்கப் பழகிவிட்டால் நான் எதையும் செய்யாமல் நின்றுவிடுவேனோ என்று. கூடப் படித்தவர்கள் எல்லோரும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறார்கள். காலையில் கண் விழித்ததும் கைபேசியை எடுத்தால் ஒருத்தி புது வேலையில் சேர்ந்திருப்பாள், ஒருத்தன் மேல்படிப்புக்கு வெளிநாடு போயிருப்பான். எழுந்திருப்பதற்கு முன்னாலேயே நான் தோற்றுப்போயிருப்பேன். அந்தக் குத்தல்தான் என்னை ஓட வைக்கிறது என்று நினைக்கிறேன். குத்தல் போய்விட்டால் நானும் நின்றுவிட மாட்டேனா?

---

உளி எழுதியது:

தம்பி, கேட்கலாம். நான் தச்சு வேலை செய்கிறவன். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

ஒரு பலகையை இழைப்புளி போட்டுச் சீவும்போது முதலில் சத்தம் கரகரவென்று இருக்கும். சுருள் உடைந்து உடைந்து வரும். மேடு பள்ளம் குறையக் குறையச் சத்தம் மாறும். ஒரு கட்டத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே சுருளாக, வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசாக வரும். சத்தம் 'ஸ்ஸ்' என்று ஒரே இழுப்பு. அங்கே நிறுத்த வேண்டும். அதுதான் போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டு இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் கனம் குறைந்து பலகை வீணாகிவிடும். அதற்கு முன்னாலேயே சலித்துப்போய் நிறுத்தினால் எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் மேடு தெரியும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், நான் சேர்ந்த புதிதில், எப்போது நிறுத்த வேண்டும் என்று வாயால் சொன்னதே இல்லை. நான் தாண்டிப் போனால் கையைப் பிடித்து நிறுத்துவார். அந்தச் சத்தம் என் காதுக்கு வர நாலைந்து வருடம் ஆனது. ஆகவே போதும் என்பது சோம்பேறி சொல்லும் சொல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, தம்பி. கை தேர்ந்தவன்தான் அதைச் சரியான நேரத்தில் சொல்வான்.

குத்தல் உங்களை ஓட வைக்கிறது என்கிறீர்கள். சரி. எந்தப் பலகையை நோக்கி? அடுத்தவன் பலகையைப் பார்த்துக்கொண்டு சீவினால் கை தப்பும். இது எனக்கு நடந்தது. பக்கத்துப் பட்டறைக்காரன் வேகமாக முடிக்கிறானே என்று அவன் கதவையே பார்த்துக்கொண்டு சீவியதில் இடது கட்டை விரல் நுனி போனது. இன்றைக்கும் குளிர்நாளில் வலிக்கும். காலையில் முதல் வேலையாகக் கைபேசியை எடுக்காதீர்கள். எழுந்ததும் உங்கள் கையில் இருக்கிற வேலையில் ஓர் அரை மணி நேரம். அப்புறம் பாருங்கள்.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

உளி அண்ணன் சொன்னதற்கு ஒரு துணைச் செய்தி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியில் வெள்ளி வென்றவர்களின் முகத்தையும் வெண்கலம் வென்றவர்களின் முகத்தையும் காணொளியில் காட்டி, யார் எவ்வளவு மகிழ்ச்சியாகத் தெரிகிறார்கள் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆய்வு 1995-ல் வெளிவந்தது. மூன்றாம் இடத்தில் வந்தவர்கள் இரண்டாம் இடத்தில் வந்தவர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இது: வெள்ளிக்காரர் தங்கத்தைப் பார்க்கிறார், வெண்கலக்காரர் பதக்கமே கிடைக்காத நான்காம் இடத்தைப் பார்க்கிறார். புதுவரவு, உங்கள் கைபேசி காலையில் உங்களுக்குத் தங்கத்தை மட்டுமே காட்டுகிறது.

நேர்க்கோடுக்கு: நீங்கள் சொன்னது ஆய்விலும் தெரிகிறது, அதைப் பதிவு செய்ய வேண்டும். "பணம் ஓர் அளவுக்கு மேல் மகிழ்ச்சி தராது" என்று 2010-ல் கானமன், டீட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் 2023-ல் அதே கானமன், மாற்றுக் கருத்துக் கொண்ட கில்லிங்ஸ்வொர்த்தோடும், நடுவராக இருந்த மெல்லர்ஸோடும் உட்கார்ந்து தரவுகளை மறுபடி அலசினார். வருமானம் கூடக் கூட பெரும்பாலானோருக்கு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டேதான் போகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஏற்கெனவே மனம் நொந்து கிடக்கும் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. ஸ்வீடனில் லாட்டரி வென்றவர்களைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்றும் 2020-ல் வந்தது. பெரும் பரிசு பெற்றவர்களுக்கு வாழ்க்கை மீதான திருப்தி பல வருடம் கழித்தும் கூடுதலாகவே இருந்தது. எனவே பணத்தால் ஒன்றுமில்லை என்று யாரும் உங்களிடம் சொல்ல அனுமதிக்காதீர்கள். நான் முதலில் எழுதியதை இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி அக்கா செய்வதைப் போன்ற பழக்கத்தையும் சோதித்திருக்கிறார்கள். வாழ்வில் கிடைத்த நல்லவற்றை எண்ணி எழுதச் சொன்னார்கள், ஆறு வாரம். வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அதிகமானால் அதுவும் கடமையாகி மரத்துப்போகிறது போலும். பதில் வராத இரவில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறீர்களே அக்கா, அந்த விடுதலைதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

சிறகு எழுதியது:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வேலையை விட்டுவிட்டு அவரோடு இருக்கிறேன். நிறைவு பற்றிப் பேசும் நிலையில் நான் இல்லை, ஆனாலும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டைப் பொத்தானைத் தானே போட வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். ஆறு பொத்தான். முதலில் நானே போட்டுவிடுவேன், நேரமாகிறது என்று. இயன்முறை மருத்துவர் என்னைத் திட்டினார், அவர் செய்யட்டும் என்று. அதனால் காலையில் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். இடது கையால் துணியை இழுத்துப் பிடித்து, வலது கட்டை விரலால் பொத்தானைத் தள்ளுவார். நழுவும். மறுபடி தள்ளுவார். பொத்தான் துளைக்குள் பாதி நுழைந்து சாய்ந்து நிற்கும். அந்த இடத்தில்தான் எனக்குக் கை பரபரக்கும். ஒரு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே போய்விடும். கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பேன். போன வாரம் மூன்றாவது பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, ஒரு பக்கம் கோணிய வாயோடு சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று மீதி மூன்றை நான்தான் போட்டேன்.

அது நிறைவா என்று எனக்குத் தெரியாது. அடுத்த அரை மணி நேரத்திலேயே குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டும் உண்மை.

---

இரவுப்பணி எழுதியது:

சிறகு, உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. ஒன்று மட்டும் அக்காவாகச் சொல்கிறேன். கவனித்துக்கொள்பவர்கள் நொறுங்கிப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் சில மணி நேரமாவது வேறு யாரையாவது அப்பாவோடு உட்காரச் சொல்லுங்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டால், எதிலும் பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மனச்சோர்வு ஒரு நோய். நாமே சிந்தனையை மாற்றிக்கொண்டு சரிசெய்துவிடும் விஷயம் கிடையாது. இந்த இழையைப் படிக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

---

சிறகு எழுதியது:

நன்றி அக்கா. தம்பியிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வருகிறேன் என்றிருக்கிறான்.

---

நேர்க்கோடு எழுதியது:

"இரண்டும் உண்மை" என்று சிறகு எழுதியதைப் படித்த பிறகு, நான் விட்டுவிட்ட ஒன்றையும் எழுதத் தோன்றுகிறது.

அந்த ஏழாவது மாதம் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தோம். காலையில் போய் வரிசையில் நின்று, மனுவில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, வெளியே வரும்போது மணி நாலு. பணம் வருமா வராதா தெரியாது. (பின்னால் வந்தது, முழுதாக இல்லை.) நடந்தே வீட்டுக்கு வந்தேன். மகள் வாசலில் காத்திருந்தவள் ஓடிவந்து என் பாதத்தின் மேல் ஏறி நின்றுகொண்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என் காலோடு சேர்ந்து பின்னோக்கி நடப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. அப்படியே வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் போனோம். அவள் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அவ்வளவு சிரிப்பு.

அந்தப் பத்தடி தூரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் புகாரைத் திரும்பப் பெறவும் தோன்றவில்லை. காலையில் "இது போதாது" என்று கையெழுத்துப் போட்டவனும் மாலையில் அப்படிச் சிரித்தவனும் ஒரே ஆள்தான். பழம்பேனா ஐயா சொன்னது அந்த அதிகாரங்களைப் படிக்காமலேயே எனக்கு நடந்திருக்கிறது. என் கோபத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று இத்தனை நாள் அந்த மாலையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பொய்யாகிவிடும் என்று பயம். மகளுக்கு இப்போது பதினொன்று. நேற்று அவளிடம் கேட்டேன். செருப்பு அவளுக்கு நினைவே இல்லை. பாதத்தின் மேல் நடந்தது நினைவிருக்கிறது.

---

புதுவரவு எழுதியது:

உளி அண்ணா, ஐந்து நாள் முயன்று பார்த்தேன். இரண்டு நாள் தோற்றுப்போனேன், எழுந்ததும் கைபேசியை எடுத்துவிட்டேன். மூன்று நாள் எடுக்கவில்லை. அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்த வரைகலை வேலையில் உட்கார்ந்தேன். ஓட்டம் நிற்கவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வேலை நடந்தது. குத்தல் போகவில்லை, ஆனால் பத்து மணிக்கு மேல்தான் வருகிறது.

---

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒவ்வொன்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். செருப்பைப் படிக்கும்போது எனக்குக் குரல் நின்றுவிட்டது, மீதியை அவள்தான் படித்தாள்.

வீடு வருவதற்கு முன் எங்களுக்கு இன்பம் தந்துகொண்டிருந்த சின்ன விஷயம் எது என்று எண்ணும்எழுத்தும் யோசிக்கச் சொன்னார். யோசித்தோம். வாடகை வீட்டில் மாதக் கடைசி இரவு இருவரும் உட்கார்ந்து நோட்டில் கணக்கு எழுதுவோம். எவ்வளவு சேர்ந்தது, இன்னும் எவ்வளவு. சண்டையும் வரும், சிரிப்பும் வரும். ஒன்பது வருடமாக நூற்றுச் சொச்சம் இரவு அப்படி உட்கார்ந்திருக்கிறோம். வீடு கிடைத்த அன்றோடு நோட்டு மூடப்பட்டுவிட்டது. நான் இழந்தது எதையென்று அப்போதுதான் தெரிந்தது. சாவி எனக்கு இன்பமாக இருந்ததே அந்த இரவுகளின் மிச்சத்தால்தான் போலிருக்கிறது.

நேற்று இரவு தூக்கம் வராமல் கூடத்துத் தரையில் போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் எழுந்து வந்தாள். "என்ன பண்றீங்க?" "கூரையைப் பார்க்கிறேன்." அவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். தெருவில் வண்டி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பியின் நிழல் கூரையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுகிறது. மூன்று மாதமாக இந்த வீட்டில் இருக்கிறேன், நேற்றுதான் அதைப் பார்த்தேன். முதல் நாள் இரவு பார்த்திருக்க வேண்டும், பேச்சில் கவனிக்கவில்லை.

அப்போது அவள் எழுந்து போய் தன் கைப்பையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்பது வருடத்துக்கு முன் வங்கியில் முதல் தொகை போட்டதற்கான ரசீது. நாலாக மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. இத்தனை வருடம் கைப்பையில் வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்கலையே" என்றாள்.

இந்த மாதக் கடைசியிலிருந்து மறுபடி நோட்டோடு உட்காருவதாக இருக்கிறோம். என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

உளி அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. அந்த ரசீதைச் சட்டம் போட்டு வைக்க ஆசை. நானே செய்து பார்க்கலாமா? கை வேலை எதுவும் பழக்கமில்லை.

---

உளி எழுதியது:

தாராளமாகச் செய்யலாம். தாளை அளந்து சுற்றிலும் இரண்டு விரல்கட்டை இடம் விட்டுக்கொள்ளுங்கள். நேரான கட்டையாகப் பாருங்கள், முடிச்சு இருக்கக் கூடாது. நாலு மூலையையும் 45 டிகிரியில் அறுக்க வேண்டும். அதற்கென்று அச்சுப்பெட்டி கிடைக்கும், அதை வைத்து அறுத்தால் புதியவருக்கும் கோணம் தப்பாது. கண்ணாடி உட்கார உள்பக்கம் காடி, அதாவது விளிம்போரமாக ஒரு பள்ளம், எடுக்க வேண்டும். அது மட்டும் கொஞ்சம் சிரமம், பக்கத்தில் யாராவது தச்சரிடம் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். ரசீது பளபளப்பான தாளில் இயந்திரம் அச்சடித்தது என்றால் அதில் மை கிடையாது, சூட்டில் வருகிற எழுத்து. வெளிச்சம் பட்டால் சில வருடத்தில் வெளுத்துப்போகும். சட்டம் போடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.

எத்தனை அங்குலம் வருகிறது என்று அளந்து எழுதுங்கள், கட்டையின் கனம் சொல்கிறேன்.